ஓரம் இல்லாத துண்டு

பிப்ரவரி 10, 2025. திங்கள்

இது புற்றுநோயா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பிழைப்பவள் எழுதும் வரியா இது? ஆனால் உண்மை அதுதான். காலையிலிருந்து அதே ஸ்லைடு. எடுத்து வைத்தேன், டீ குடித்தேன், மறுபடி வைத்துப் பார்த்தேன். அது மாறவில்லை.

கம்பத்திலிருந்து வந்த துண்டு. டாக்டர் சுபாஸ்ரீயின் நர்சிங் ஹோம். சகாயமேரி, வயது 39, ராயப்பன்பட்டி. ஒரு வருடமாக அளவில்லாத ரத்தப்போக்கு, அடிவயிற்று வலி. ஸ்கேனில் ஃபைப்ராய்டு, அதாவது சாதாரணத் தசைக் கட்டி, என்றிருக்கிறது. கருப்பையை எடுத்திருக்கிறார்கள், சினைப்பைகளை விட்டிருக்கிறார்கள். எனக்கு அனுப்பியது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. கருப்பையையே வெளியே எடுத்துவிட்டு, தேனியில் எங்கள் லேபுக்கு ஒரு கிள்ளு. இந்தப் பக்கத்தில் இதுதான் வழக்கம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஃபைப்ராய்டை வெட்டும்போதே கத்திக்குத் தெரியும். வெள்ளையாக, கெட்டியாக, நூல் சுற்றியதுபோல வரிவரியாக இருக்கும். இது மஞ்சள். இறுகிய நெய்யை வெட்டியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. ஸ்லைடில் சின்னச் சின்னச் செல்கள், எல்லாம் ஒரே சாயல். நடுநடுவே மெல்லிய ரத்தக்குழாய்கள், அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகச் செல்கள். மாதவிலக்கு முடிந்து கருப்பையின் உள்படலம் மறுபடி வளரும் நாட்களில் அதிலுள்ள ஸ்ட்ரோமா என்ற தாங்கு திசு அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். இருக்க வேண்டிய செல்கள்தான், இருக்கக்கூடாத இடத்தில்.

இரண்டு சாத்தியம். கட்டி உருண்டையாக, ஓரம் ஒழுங்காக, தன் பாட்டுக்கு ஒதுங்கி நின்றால் ஸ்ட்ரோமல் நோடியூல். தீங்கில்லை, எடுத்ததோடு முடிந்தது. ஓரத்திலிருந்து நாக்கு நாக்காக நீண்டு தசைக்குள்ளும் ரத்தக்குழாய்க்குள்ளும் நுழைந்திருந்தால் ஸ்ட்ரோமல் சார்கோமா. கருப்பைப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. அவசரப்படாத வியாதி. எல்லாம் மறந்து பத்து, இருபது வருடம் ஆனபிறகு நுரையீரலில் வந்து நிற்கும்.

செல்லை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எந்தப் பேராசிரியராலும் முடியாது. ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

வந்த துண்டில் ஓரம் இல்லை. நட்டநடுவிலிருந்து கிள்ளியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11

சுபாஸ்ரீயுடன் ஃபோன்.

"மேடம், அது க்ளியரா ஃபைப்ராய்டு. நான் கையால தொட்டுப் பாத்தவ."

"நான் கண்ணால பாக்குறவ. மீதிக் கருப்பை வேணும்."

"அது மஞ்சப் பையில போயிருச்சு மேடம். வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டாக."

மஞ்சள் பை என்றால் ஆஸ்பத்திரிக் கழிவு. கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். சுபாஸ்ரீயே தொடர்ந்தார்.

"ஃபைப்ராய்டுன்னே போட்டு அனுப்புங்க. அந்தப் பொண்ணு தையல் பிரிச்சு நல்லா நடமாடுது."

நல்லா நடமாடும். இந்த வியாதியில் எல்லோரும் நல்லாத்தான் நடமாடுவார்கள். அதை ஃபோனில் சொல்லவில்லை. இங்கே எழுதி என்ன ஆகப் போகிறது?

பிப்ரவரி 13

துண்டைப் பதித்த மெழுகுக் கட்டையை மதுரைக்கு அனுப்பினேன், சிறப்புச் சாயங்களுக்கு. தசையா ஸ்ட்ரோமாவா என்பதாவது தெரியட்டும்.

பிப்ரவரி 20. வியாழன்

மதுரை முடிவு வந்தது. ஸ்ட்ரோமாவுக்கான சிடி10 சாயம் முழுக்கப் பிடித்திருக்கிறது. தசைக்கான சாயங்கள் இரண்டும் பிடிக்கவில்லை. ஈஸ்ட்ரோஜன், ப்ரொஜஸ்ட்ரோன் ஏற்பிகள் நிறைய. ஆக ஸ்ட்ரோமாதான். ஃபைப்ராய்டு இல்லை.

நான் நினைத்தது சரி. சரியாக இருந்து என்ன பிரயோஜனம்? நோடியூலுக்கும் இதே சாயம் பிடிக்கும், சார்கோமாவுக்கும் இதே சாயம் பிடிக்கும். மரபணு சோதனைக்கு அனுப்பலாம் என்றால், அதிலும் இரண்டுக்கும் ஒரே மாற்றம்தான் வரும். எவ்வளவு தூரம் உள்ளே போனாலும் ஒரே பதில். வெளியே, ஓரத்தில் இருக்கிறது விஷயம். அது சாம்பலாகிப் போனது.

ரிப்போர்ட் எழுதினேன். ஸ்ட்ரோமல் கட்டி, நோடியூலா, குறைந்த தீவிரச் சார்கோமாவா என்று இந்தத் துண்டை வைத்துச் சொல்ல இயலாது, கட்டியின் ஓரம் இதில் இல்லை, முழுக் கருப்பையும் தேவை.

பிப்ரவரி 21

சுபாஸ்ரீ: "சொல்ல இயலாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு மேடம் ரிப்போர்ட்டு?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் நாள் முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பிப்ரவரி 27

என் ரிப்போர்ட்டைப் பார்த்து அந்தப் பெண்ணை மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே புற்றுநோய் டாக்டர், சந்தேகம் என்று வந்துவிட்டால் சார்கோமா என்றே வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மறுபடி வயிற்றைத் திறந்து இரண்டு சினைப்பைகளையும் எடுப்பது, கட்டிக்குத் தீனி போடும் ஹார்மோன் சுரக்கக்கூடாது என்பதற்காக. பிறகு வருடக்கணக்கில் மாத்திரை, வருடா வருடம் சிடி ஸ்கேன். மகள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதுகிறாளாம், அது முடிந்ததும் ஆபரேஷன். மார்ச் கடைசியில்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானும் இதைத்தான் சொல்வேன்.

முப்பத்தொன்பது வயதில் சினைப்பையை எடுத்தால் மறுநாளே ஐம்பதைத் தாண்டியவளின் உடம்பாகிவிடும். எலும்பு, இதயம், தூக்கம் எல்லாம் அதோடு போகும். சார்கோமாவாக இருந்தால் அது நியாயம். நோடியூலாக இருந்தால்?

ஒரு கிள்ளுக்கு இவ்வளவு.

மார்ச் 3. திங்கள்

நோயாளிகளை நான் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். கண்ணாடித் தகடு அழாது, "பயப்பட ஒண்ணும் இல்லையே?" என்று கேட்காது.

இன்று மதியம், எங்கள் லேபுக்காக ஊர் ஊராகப் போய்ச் சாம்பிள் எடுத்து வரும் சுருளியாண்டி ஒருவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ராயப்பன்பட்டிக்காரரு மேடம். பாக்காமப் போக மாட்டேங்காரு. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

கிறிஸ்டோபர். சகாயமேரியின் கணவர். திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். சட்டைக் கையில் மருந்தடித்த நீலக் கறை. ரிப்போர்ட்டை நான்காக மடித்து வைத்திருந்தார்.

"மகள வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓரம் இல்ல, ஓரம் இல்லன்னு எழுதியிருக்கீகளாம். ஓரம்னா என்னங்க டாக்டர்?"

காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து காட்டினேன். நடுவில் புள்ளி வைத்து, "இதுதான் எனக்கு வந்துச்சு. இந்தக் கோடு வரல. முழுக் கருப்பை கிடைச்சிருந்தா பாத்திருப்பேன். அத எரிச்சிட்டாங்க" என்றேன்.

"எரிச்சிட்டாகளா?" என்றார். குழம்பிவிட்டார். "எங்க வீட்டுலல்ல இருந்துச்சு."

துருவிக் கேட்டேன். பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஆபரேஷன் முடிந்து நர்ஸ் ஒரு பெரிய பாட்டிலைக் கையில் கொடுத்திருக்கிறாள். வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி. கிறிஸ்டோபரின் அக்கா லூர்தம்மாள்தான் கேட்டாளாம், கட்டி இருந்தது நிஜம்தானா என்று பார்க்க வேண்டும் என்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்திருக்கிறார்கள்.

"இப்ப எங்க இருக்கு?"

தரையைப் பார்த்தார். "பொதச்சுட்டோம் டாக்டர். கல்லறைத் தோட்டத்துல. எங்க மூத்த பிள்ளை அங்கனதான் இருக்கு. எட்டு மாசத்துல செத்துப் பெறந்தது. அதுக்குப் பக்கத்துல."

"பாட்டிலோடயா? பாட்டில்ல இருந்து எடுத்துட்டா?"

அவருக்குத் தெரியவில்லை. அன்று அவர் தோட்டத்தில் திராட்சைக் காய் வெட்டில் இருந்தாராம். அக்காதான் போனாளாம்.

அந்தப் பாட்டிலில் இருப்பது ஃபார்மலின். அதற்குள் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. வெளியே எடுத்து மண்ணில் வைத்திருந்தால் இந்நேரம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சாயங்காலம் சுபாஸ்ரீயைக் கூப்பிட்டேன். மஞ்சள் பை என்ற பேச்சே இப்போது இல்லை. "போன வருஷம் ஒரு குடும்பம் நல்ல கர்ப்பப்பைய அறுத்துட்டேன்னு வாசல்ல உக்காந்து கத்துனாக மேடம். அதுலருந்து குடுத்துர்றது. பாத்துட்டு எல்லாரும் கொண்டாந்துருவாக. இவுக மட்டுந்தான் கொண்டாரல." கொடுக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றேன். அதனால்தான் அன்று எரித்த கதை. லேபுக்குக் கிள்ளு, ஊருக்கு முழுசு. நோயைக் கண்டுபிடிக்க வேண்டியவளுக்குக் கிடைக்காதது ஒரு தெருவுக்கே கிடைத்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது? நர்சிங் ஹோம் மேலா, அந்த நாத்தனார் மேலா, எரித்தார்கள் என்றதும் நம்பி ஃபோனை வைத்த என் மேலா?

மார்ச் 4

எனக்கும் இந்த மாதம் தள்ளிப் போயிருக்கிறது. நாற்பத்தெட்டு. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தை மாதத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9. ஞாயிறு

ராயப்பன்பட்டிக்குப் போய் வந்தேன். எந்தத் தைரியத்தில் போனேன் என்று தெரியவில்லை. உத்தமபாளையத்தில் பஸ் மாறி ஊரில் இறங்கும்போது மாதா கோவிலில் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

வாசலிலேயே லூர்தம்மாள். அறுபது இருக்கும், ஆள் நல்ல உயரம்.

"வாங்க டாக்டரம்மா. கேன்சர்னு எழுதுனவுக நீங்கதானா?"

"அப்படி எழுதலம்மா."

"இல்லன்னும் எழுதலயாமே."

உள்ளே போய் உட்கார்ந்தேன். சகாயமேரி கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தாள். மெலிந்த முகம். கண்ணுக்குக் கீழ் இமையில் ரத்தமே இல்லை. அதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையை உயர்த்திக் கொடி கட்டுகிறவள் என்று தோளைப் பார்த்தால் தெரிந்தது.

லூர்தம்மாளிடம்தான் கேட்டேன், பார்த்தீர்களா என்று.

"பாக்காம? எங்க வீட்டுப் பிள்ளை வயித்த அறுத்திருக்காக, என்னத்த அறுத்தாகன்னு பாக்க வேணாமா? டிவி பக்கத்துலதான் வச்சிருந்தோம். எங்க சித்தப்பா மக்க, கூடலூர்க்காரக, அம்புட்டுப் பேரும் வந்து பாத்தாக."

"திறந்தீங்களா?"

"தெறக்காம எப்பிடிப் பாக்க? கண்ணு எரிஞ்சு போச்சு. ஆட்டு ஈரல் கணக்கா இருந்துச்சு. ஓரத்துல ரெண்டு மூணு மஞ்சப் புழு நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதப் பாத்துட்டுத்தான் நானே ஒத்துக்கிட்டேன், சரி, எடுக்க வேண்டியதுதான்னு."

புத்தகத்தில் இருக்கும் வாக்கியம் அது. கருப்பையின் சிரைகளுக்குள் கட்டி நுழைந்து, வெட்டினால் மஞ்சள் புழுக்களைப்போல நீட்டிக்கொண்டு நிற்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். சார்கோமா. டிவி பக்கத்தில் வைத்துத் தெருவே பார்த்திருக்கிறது.

"பொதைக்கும்போது பாட்டிலோடயா வச்சீங்க?"

"தண்ணிய ஊத்திட்டு வெள்ளைத் துணியில சுத்தி வைப்போம்னுதான் சொன்னேன். நல்ல பாட்டிலு, மூடி கெட்டியானது. அதப் போயி மண்ணுக்குள்ள..." லூர்தம்மாள் கட்டிலைக் கைகாட்டினாள். "இவதான் விடல."

சகாயமேரி அப்போதுதான் வாய் திறந்தாள். "எத்தன பேரு பாக்குறது மதினி. போதும்னு மூடச் சொன்னேன். மறுபடி யாரும் தெறக்கக் கூடாதுன்னு. அவன் எட்டு மாசம் இருந்த எடம் அது. அவங்கிட்டயே இருக்கட்டும்னு தோணுச்சு."

மூடிய பாட்டில். ஃபார்மலினோடு.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தோண்டி எடுத்துக் கொடுங்கள், பார்க்கிறேன் என்றேன்.

"தவக்காலத்துல பிள்ளை குழியத் தோண்டச் சொல்றீக" என்றாள் லூர்தம்மாள். "நல்லா இருக்கு உங்க வைத்தியம்."

சகாயமேரி கோபப்படவில்லை. "எடுத்தா கண்டிப்பாத் தெரிஞ்சுருமா?"

"கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன். கெடாம இருந்தா, ஓரம் நல்லா இருந்தா, தெரிய வாய்ப்பிருக்கு. தெரியாமலும் போகலாம்."

"கம்பத்து டாக்டரு கண்டிப்பா சாதாக் கட்டிதான்னாக. மதுரை டாக்டரு கண்டிப்பா எடுத்தாகணும்னாக." என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன டாக்டரு?"

லூர்தம்மாள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருக்கலாம். வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன். குடுத்தா, மிச்சத்தத் திருப்பித் தரணும்."

தருகிறேன் என்றேன், யோசிக்காமல். கிளம்பும்போது, "உங்களுக்கெல்லாம் ஒழுங்கா இருக்கா டாக்டர்? இந்த மாசா மாசம் வர்றது?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 11

தகவல் இல்லை. சார்கோமாதான். புழு என்று சொன்னாளே. இனி பாட்டில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

மார்ச் 12

நேற்று எழுதியதைப் படித்தேன். ஒரு பெண் கண்ணெரிச்சலோடு பார்த்துச் சொன்னதை வைத்து முடிவு கட்டியிருக்கிறேன். இதையே வேறு டாக்டர் செய்தால் சும்மா விடுவேனா? ஆனாலும் மனசுக்குள் ரிப்போர்ட் எழுதி முடித்தாகிவிட்டது. அழிக்க முடியவில்லை.

மார்ச் 14. வெள்ளி

வந்துவிட்டது.

கிறிஸ்டோபர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், மஞ்சள் துணிப் பைக்குள். பேக்கரியில் மிக்சர் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பாட்டில். மூடி இடுக்கில் செம்மண். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, ஆஸ்பத்திரி காரியம் என்றால் எடுங்கள், பிறகு மந்திரித்து மூடலாம் என்று சொன்னாராம். சகாயமேரி கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை. "வெளக்கு மட்டும் குடுத்தனுப்புனா" என்றார்.

ஃபார்மலின் முக்கால் பாட்டில் இருந்தது. திசு கெட்டுப்போகவில்லை. நன்றாக இறுகியிருந்தது.

தட்டில் வைத்ததும் முதலில் தேடியது அந்தப் புழுக்களைத்தான். இருந்தன. பக்கவாட்டில் மூன்று, மஞ்சளாக, ஊறிப்போய், விரல் நீளத்துக்கு. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். முடிச்சோடு வந்தது.

தையல் நூல். சுபாஸ்ரீ போட்ட கேட்கட்.

ஐந்து நாளாக ஒரு நூல் துண்டை வைத்து ஒருத்திக்குப் புற்றுநோய் கொடுத்து வைத்திருந்திருக்கிறேன். லூர்தம்மாள் பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதைச் சிரைக்குள் கொண்டுபோய் நுழைத்தது என் புத்தகம்.

கட்டி எலுமிச்சை அளவு. நடுவில் சுபாஸ்ரீ கிள்ளிய குழி. சுற்றிலும் ஓரம் அப்படியே இருக்கிறது, கண்ணுக்கு ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் இனி கண்ணை நம்புவதாக இல்லை. ஓரம் முழுவதையும், ஒரு இடம் விடாமல் துண்டு போட்டு மெழுகில் வைக்கச் சொல்லிவிட்டேன். சுருளியாண்டி எட்டிப் பார்த்தார். "இம்புட்டுக் கட்டையா மேடம்? ஒரே ஆளுக்கா?"

ஒரே ஆளுக்குத்தான்.

மார்ச் 17. திங்கள்

முதல் ஸ்லைடுகள். ஓரம் வழவழவென்று ஓடுகிறது. தசையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிறது, உள்ளே நுழையவில்லை.

மதியம் ஒரு இடத்தில் ஒரு நாக்கு. தசைக்குள் நீண்டிருக்கிறது. அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர்.

நோடியூல் என்றாலும் இப்படிச் சின்ன நீட்டல் ஓரிரண்டு இருக்கலாம். மூன்று மில்லிமீட்டருக்குள், எண்ணிக்கையில் மூன்றை எட்டாமல். ரத்தக்குழாய்க்குள் மட்டும் எதுவும் இருக்கக்கூடாது. அப்படித்தான் விதி. விதியை வகுத்தவர்கள் என்னைப்போல உட்கார்ந்து பார்த்த மனிதர்கள்தானே? மூன்று என்று யார் சொன்னது, ஏன் நான்கு இல்லை? ஆனால் வேறு விதி என் கையில் இல்லை.

மார்ச் 18

இரண்டாவது நாக்கு. இன்னும் சின்னது. மீதி ஸ்லைடுகள் நாளை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. வேண்டாம், மூணாவது வந்துறாத. யாரிடம் சொல்கிறேன் இதை?

மார்ச் 19

முடிந்தது. மூன்றாவது இல்லை. ஒரு ரத்தக்குழாய்க்குள்ளும் எதுவும் இல்லை. ஒவ்வொரு குழாயையும் மறுபடி பார்த்தேன். இல்லை.

என் மேல் நம்பிக்கை போதாமல், மதுரையில் என்னோடு படித்து இப்போது இதே வேலையில் இருப்பவளுக்குத் ஸ்லைடுகளைச் சுருளியாண்டியிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள். "நோடியூல்தான். ஓரம் முழுசையும் யாரு இப்பல்லாம் எடுக்குறா? அதிர்ஷ்டக்காரி உன் பேஷண்ட்." அந்தக் கருப்பை எங்கே இருந்தது என்று சொல்லவில்லை.

மார்ச் 20. வியாழன்

ஸ்ட்ரோமல் நோடியூல், புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. மதுரை டாக்டரிடமும் பேசினேன். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை வேண்டாம், கொஞ்ச காலம் வந்து காட்டிக்கொண்டு போனால் போதும் என்றார்.

சுபாஸ்ரீ: "நான் அப்பவே சொன்னேன்ல மேடம்?"

சொன்னது ஃபைப்ராய்டு. இது ஃபைப்ராய்டு இல்லை. அதை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் விட்டேன். அவரைப் பொறுத்தவரை சாதாரணக் கட்டி என்றார், சாதாரணக் கட்டியாக இருந்தது. அடுத்த முறையும் நடுவில் கிள்ளி அனுப்புவார், கூடுதல் நம்பிக்கையோடு. சார்கோமாவாக இருந்திருந்தால்தான் திருந்துவாரோ? என்ன நினைப்பு இது, சீ.

கிறிஸ்டோபருக்குச் சொன்னேன். ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு லூர்தம்மாள்: "கேன்சர் இல்லாததுக்குத்தானா எங்க பிள்ளை குழியத் தோண்ட வச்சீக?"

தோண்டியதால்தான் இல்லை என்று தெரிந்தது என்றேன்.

"அதத்தான் கம்பத்துலயே சொன்னாகளே."

ஃபோனை வைத்தேன். எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

மார்ச் 21

சகாயமேரியே வந்தாள். தனியாக, பஸ்ஸில். மகளுக்கு இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கியாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாளாம். மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

பாட்டிலைக் கேட்டாள். கொடுத்தேன். அன்று அவசரத்தில் கொடுத்த வாக்கு. மஞ்சள் பை பற்றி சுபாஸ்ரீயிடம் சட்டம் பேசியவள் நான்தான். இருந்தாலும் கொடுத்தேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் இதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லையாம். தெருவே பார்த்திருக்கிறது, அவள் மட்டும் பார்க்கவில்லை.

"முழுசா இருக்கா?"

பொய் சொல்ல நினைத்தேன். "இல்லம்மா. கட்டியும் அதச் சுத்தி இருந்த ஓரமும் எங்கிட்ட இருக்கு. மெழுகுல வச்சிருக்கேன். பின்னால யாராவது டாக்டர் கேட்டா எடுத்துக் காட்டணும். ரொம்ப வருஷம் வச்சிருக்கணும்."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். யோசித்தாள்.

"அதுவும் நல்லதுதான். மறுபடி ஒரு டாக்டரு கேட்டா உங்ககிட்ட வந்து தோண்டிக்கிறோம்."

இந்த முறை சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. போகும்போது, "நீங்க கண்டிப்பான்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். பாட்டிலை மஞ்சள் பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

சுருளியாண்டி நாளைக் காலை கம்பம் போகிறார். சுபாஸ்ரீயிடம் இரண்டு ஆபரேஷன் இருந்ததாம். வழக்கம்போல இரண்டு கிள்ளு வரும்.

மார்ச் 22. சனி

காலையில் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். உள்படலம் லேசாகத் தடித்திருக்கிறது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

மதியம் சுருளியாண்டி வந்தார். கையில் பாட்டில் இல்லை. இரண்டு பெயிண்ட் வாளி, மூடி போட்டு, டேப் ஒட்டி. "பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான் மேடம். சண்டை போட்டு ஏறுனேன். என்னன்னு கேட்டான், பெயிண்டுதான்னு சொல்லிட்டேன்."

திறந்தேன். இரண்டிலும் முழுக் கருப்பை. சீட்டில் பெயர், வயது தவிர ஒரு வார்த்தை இல்லை. சுபாஸ்ரீயும் கூப்பிடவில்லை.

ஃபார்மலின் பாதிகூட இல்லை. ஒரு வாளியில் கருப்பையின் மேல் பாகம் காய்ந்துகொண்டிருந்தது. நான்தான் ஊற்றி நிரப்பினேன்.